குடவோலையும் கணக்கோலையும்

வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரிலே தொடங்கி அரசரிலே முடிப்பர். இன்ன மன்னன் இன்ன ஆண்டில் முடி சூடினான், இன்ன நாட்டை வென்றான், இன்ன கோயிலை எடுப்பித்தான் என்று பாடசாலையில் நாமும் மனனஞ் செய்தோம். ஆனால், அம்மன்னனுடைய படைக்குச் சோறிட்ட வயலுக்கு நீர் பாய்ச்சியவர் யார்? மாரியில் உடைந்த குளக்கட்டுக்கு மண் சுமந்தவர் யார்? வாய்க்காலை மறித்தவனை அழைத்து விசாரித்தவர் யார்? இக்கேள்விகளுக்கு அரசரின் மெய்க்கீர்த்திகளில் விடை கிடையாது. அவற்றின் கீழே, ஊரார் தம் காரியங்களைத் தாமே பேசி முடித்துக் கல்லில் வெட்டிவைத்த வரிகளிலேதான் விடை உண்டு.

கொழும்பில் வளர்ந்த நமக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். குழாயைத் திருகினால் நீர் வருகின்றது. அது களனி கங்கையிலிருந்து வந்ததா, லபுகம, கலட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்து வந்ததா என்று நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? தெருக் குப்பையை அள்ளுவது மாநகரசபையின் பாடு என்று இருந்துவிடுகின்றோம். ஆனால், நம் வீடுகளிலுள்ள பெரியோரில் அநேகர் குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த ஊர்களிலிருந்து இங்கு வந்தவர்கள். அவ்வூர்களின் வாழ்வு எவ்வாறு நடந்தது, ஊராட்சி என்பது யாது, அதில் நாம் போற்ற வேண்டியது எது, விலக்க வேண்டியது எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் அதன் உறுப்புகளும்

சோழர் காலத்துத் தமிழகத்திலே குடியிருப்புகள் ஒரே வகையாக இருக்கவில்லை. வேளாளர் நிலங்கொண்டு உழுத இடத்தில் ‘ஊர்’ என்ற கூட்டம் இருந்தது. பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயங்களில் ‘சபை’ இருந்தது. வணிகர் வாழ்ந்த இடத்தில் ‘நகரம்’ இருந்தது. பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கு ‘நாடு’ என்று பெயர். அந்நாட்டின் பெயராற் கூடிய கூட்டத்தார் நாட்டார் எனப்பட்டனர்.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விட்ட ஊர்களைப் பற்றிய சாசனங்கள், அக்கால ஊர் ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றன. வரி கொடுக்கும் நிலம் எவ்வளவு என்று கூறுமுன், வரி நீக்கப்பட்ட நிலங்களை அவை எண்ணிச் சொல்கின்றன. மக்கள் குடியிருக்கும் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளர் வாழும் கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று பட்டியல் நீளும். வரி அளக்க வந்தவர் எழுதிய கணக்குத்தான். ஆயினும் அதனுள் ஓர் ஊரின் பிறப்பும் உழைப்பும் இறப்பும் அடங்கியிருக்கின்றன. யார் யாரோடு அடுத்திருந்தார், யார் ஒதுக்கி வைக்கப்பட்டார் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இதைப் பின்னர் பேசுவோம்.

உத்தரமேரூர்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூர் பல்லவர் காலத்திலேயே பெரும் பிரமதேயமாக விளங்கிற்று. அங்குள்ள வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்ட இரு சாசனங்கள் உள்ளன. கி.பி. 919, 921 என்பன அவற்றின் ஆண்டுகள். கல்வெட்டறிஞர் வெங்கையா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நாள் முதல், ஊராட்சி பற்றிப் பேசுவோர் யாவரும் இவ்வூரைப் பேசாமல் விட்டதில்லை.

மிஷன் பாடசாலைகளிற் படித்த நம்மவர் 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டாவை அறிவர். ஐஸ்லாந்து மக்களின் பொதுச்சபை 930ஆம் ஆண்டளவில் எழுந்தது. உத்தரமேரூர்ச் சாசனங்கள் இவ்விரண்டிற்கும் முற்பட்டவை. அதற்கும் பன்னூறாண்டுகள் முன்னரே கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தார் தம் ஐந்நூற்றுவர் சபையைச் சீட்டெடுத்துத் தெரிந்தனர். ஆகவே, யார் முந்தியவர் என்ற போட்டியில் நமக்குப் பெரும்பயன் இல்லை. சாசனம் கூறும் முறையையே ஊன்றிக் கவனிப்போம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்று நாம் வட்டாரம் என்கின்றோமே, அதுபோன்றது குடும்பு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, ஒரு கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று மேலே வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். சிறுவர் முதல் முதியோர் வரை சபையார் மண்டபத்திற் கூடுவர். ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் நடுவே இருத்தப்படுவர். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கியபின் அச்சிறுவனே ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் வாசித்த பின் அங்குள்ள நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். முப்பது குடும்புக்கும் முப்பது பெயர் இவ்வாறு வரும்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? மூடிய கையில் ஓலையை மாற்றிவிடலாம் என்ற அச்சந்தான். வாசித்ததை ஏன் பலரும் வாசிக்க வேண்டும்? ஒருவர் பொய்யாகப் படிக்கலாம் அல்லவா? இவ்விதிகளை எழுதியவர்கள் மனிதரின் பலவீனத்தை நன்கறிந்தவர்கள். தம்மிடையே கள்ளம் நிகழாது என்று அவர்கள் பெருமை பேசவில்லை. நிகழும் என்று எண்ணி வழியை அடைத்தார்கள். 919இல் எழுதிய விதிகளை இரண்டே ஆண்டில் திருத்தி எழுத நேர்ந்ததும் அதனாலேயே போலும். தீயோர் அழிந்து நல்லோர் பெருக வேண்டும் என்பதே திருத்தத்தின் நோக்கமெனச் சாசனமே சொல்கின்றது.

வாரியங்களும் கணக்கும்

தெரிவான முப்பதின்மரில் பன்னிருவர் சம்வற்சர வாரியம், அதாவது ஆட்டை வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். முன்னரே தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகியவரும் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவருமே ஆட்டை வாரியத்தில் அமர்ந்தனர். இவை தவிரப் பொன்னைக் கவனிக்கும் பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் சீட்டெடுத்தே அமைக்கப்பட்டன.

இவற்றுள் விவசாய ஊருக்கு உயிர்நாடி ஏரி வாரியமே. உத்தரமேரூரின் பேரேரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். ஏரியை ஒரு தலைமுறை வெட்டினால், அடுத்த தலைமுறைகள் அதில் படியும் வண்டலை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அள்ளாது விட்டால், ஏரி மேடாகி வயல் தரிசாகிவிடும். ஆகவே, ஊரார் பொன்னை முதலாக வைத்து அதன் வட்டியால் ஆண்டுதோறும் ஏரியைத் தூர்வாரும் அறக்கட்டளைகளை நிறுவினர். கோயில் விளக்குக்கு நெய் அளிப்பது எவ்வளவு புண்ணியமோ, அவ்வளவு புண்ணியமாக ஏரிக்குப் பொன் அளிப்பதும் கருதப்பட்டது.

தகுதிகளைப் பார்ப்போம். வரிசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குட்பட்டவராய், வேத நூல் கற்றவராய் இருத்தல் வேண்டும். நேர்வழியில் ஈட்டிய பொருளையே உடையவராயும், முந்திய மூன்றாண்டில் வாரியஞ் செய்திராதவராயும் இருத்தல் வேண்டும். ஒரே ஆள் ஆண்டாண்டாய்ப் பதவியை ஒட்டிக்கொண்டிருக்க இடமில்லை. பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். அந்நாள் முடிந்ததும் தாமே ஒழிந்துவிட வேண்டும். இடையில் குற்றஞ் செய்தவர் அப்பொழுதே நீக்கப்படுவார்.

தகுதியற்றவர் யார் யார் என்ற பட்டியலில் களவும் பாதகமும் செய்தவர் இருக்கின்றனர். ஆனால், அப்பட்டியலின் தலையில் நிற்பவர் கள்வர் அல்லர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரே முதலில் நிற்கின்றார். அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், தாய்மாமன், அத்தை பிள்ளைகள், பெரியதாய் சிறியதாய் பிள்ளைகள் ஆகிய அத்தனை பேரின் பெயரும் குடத்தில் இடப்படமாட்டாது. ஒருவர் ஊர்ப்பணத்துக்குக் கணக்குச் சொல்லாவிட்டால், உறவு முழுவதும் அவர் வாசலில் வந்து நின்று கணக்கைக் கொடு என்று நெருக்கும். இனத்தார் சேர்ந்து பிழையை மறைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளையது. அவ்வுறவையே கணக்குக் கேட்கும் காவலாக மாற்றிய நுட்பத்தை எண்ணி வியக்கின்றோம். உறவினர் குற்றத்துக்கு மற்றவரைத் தண்டித்தல் இக்கால நீதிக்கு ஒவ்வாது என்பது உண்மையே. ஆயினும் ஊராட்சிக்கு முதற் பகை எதுவென அவர்கள் கண்டதில் பிழையில்லை.

இதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பு, பாண்டி நாட்டு மானூர் என்னும் ஊரின் சபையார் மற்றொரு விதி செய்தனர். சபைக்கு வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்தே நிற்பவருக்கும், அவருக்குத் துணை போவோருக்கும் ஐந்து காசு தண்டம்! கூட்டங்களில் இருந்து பழகிய எவரும் இவ்விதியைப் படித்துப் புன்னகை செய்யாதிரார்.

வெளியே நின்றவர்

குடவோலையைப் புகழும் பேச்சாளர் பெரும்பாலும் இவ்விடத்திலே பேச்சை நிறுத்திவிடுவர். நாம் இன்னும் சிறிது தூரம் செல்ல வேண்டும்.

உத்தரமேரூர்ச் சபையில் அமர்ந்தவர் நிலமுடைய பிராமண ஆடவர் மட்டுமே. அந்நிலத்தை உழுதவர்க்கும், ஏரியிலே வண்டல் அள்ளியவர்க்கும், நெய்தவர்க்கும், துணி வெளுத்தவர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. இளைஞர் சங்கத்தவராகிய நமக்குமே அங்கு இடமிருந்திராது. முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோர்க்குக் கிடைத்த பணி ஓலை எடுத்துக் கொடுப்பது ஒன்றே! அரசனுடைய அதிகாரி உடனிருந்தே விதிகள் வகுக்கப்பட்டன என்பதையும் மறக்கலாகாது. எனவே, அது இன்றைய பொருளிலே மக்களாட்சி அன்று. ஒரு சிறு வட்டத்தார் தம்முள் நேர்மையாக நடந்துகொள்ளக் கண்ட வழி அது.

அவ்வட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது? தஞ்சைச் சாசனங்களின் வரியிலி நிலப் பட்டியலுக்கு மீள்வோம். சேரிகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சில ஊர்களிற் சுடுகாடுங்கூடத் தனியாக இருந்தது. ஒரே ஏரியின் நீர் எல்லா வயலுக்கும் பாய்ந்தது. மனிதர் மாத்திரம் ஒரே துறையில் நீர் அள்ளவில்லை. இவ்வழக்கம் கடல் கடந்து நம் நாட்டிலும் வேரூன்றியதை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்திற் பொதுக்கிணற்றில் நீர் அள்ளவும், தேநீர்க்கடையிற் சமமாக அமரவும், கோயிலுள் நுழையவும் ஒரு பகுதி மக்கள் இருபதாம் நூற்றாண்டிலும் போராட நேர்ந்தது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னருங்கூட, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நின்று உரிமை கேட்டனர். இந்து இளைஞர் சங்கம் ஒன்றின் மலரிலே இதை எழுதாது விடுவது வரலாற்றுக்கும் சமயத்துக்கும் செய்யும் துரோகமாகும்.

கந்தளாய்ச் சபை

இத்தகைய சபை ஈழத்திலும் இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. திருகோணமலையின் தென்மேற்கே உள்ள கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் திருக்கோணேச்சரத்தின் பொருட்டுக் கட்டினான் என்பது நம் ஐதிகம். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது வரலாற்று நூலார் கூற்று. அக்குளத்தை அண்டிச் சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயம் விளங்கியதையும், அதன் பெருங்குறிப் பெருமக்கள், அதாவது சபையார், கூடியதையும் கந்தளாயிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் தெரிவிக்கின்றது.

1070இல் முதலாம் விசயபாகு சோழரை வென்று பொலன்னறுவையைக் கைக்கொண்டான். ஆட்சி மாறியதும் கந்தளாய்ப் பிரமதேயம் அழிந்ததா? இல்லை. அவனுடைய 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பழமோட்டைத் தமிழ்ச் சாசனத்தில் அது விசயராசச் சதுர்வேதிமங்கலம் என்ற புதுப் பெயரோடு காணப்படுகின்றது. பிராமணக் கைம்பெண் ஒருத்தி இறந்த கணவன் நினைவாக அங்குள்ள சிவாலயத்துக்கு அளித்த கொடையை அச்சாசனம் கூறுகின்றது. சபையிலே அமர உரிமையற்றவள், தன் பொருளைக் கொண்டு அறஞ் செய்து கல்லிலே இடம் பெற்றுவிட்டாள். சிங்கள மன்னன் ஆட்சியிலே, தமிழிலே, சைவக் கோயிலுக்கு எழுதப்பட்ட சாசனம் அது. அரசர் மாறினாலும் குளமும் வயலும் மாறுவதில்லை. அவற்றைப் பேணும் ஊரவரும் எந்நாளும் வேண்டியவரே.

குளம் பேணப்படாவிடின் என்ன நேரும் என்பதையும் கந்தளாயே பிற்காலத்துக்குக் காட்டியது. 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் திகதி அக்குளக்கட்டு உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

வட்டைவிதானை முதல் பிரதேச சபை வரை

குளக்கட்டைப் பேணுதல் அரசருக்குச் செய்யும் இராசகாரியக் கடமையோடு பிணைந்திருந்தது. 1832இல் பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயினும் ஊரைக் கூட்டி வேலைவாங்கும் அதிகாரமும் அதனோடு ஒழிந்ததால் பல குளங்கள் தூர்ந்தன. தவற்றை உணர்ந்த அரசாங்கம், ஆளுநர் வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தால் ஊரின் பழைய நீர் வழக்கங்களுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. 1871ஆம் ஆண்டின் சட்டம் கிராமச் சங்கங்களையும் கிராம நீதிமன்றங்களையும் அமைத்தது. 1924, 1938ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மக்கள் தெரிந்த உறுப்பினரின் கை படிப்படியாக ஓங்கியது.

கிழக்கிலங்கையிலே வயல்வெளியை வட்டை என்பர். அவ்வட்டையின் காரியங்களைப் பார்த்தவர் வட்டைவிதானை. எந்த வாய்க்காலில் எப்போது நீர் திறப்பது, வேலியை எந்நாளில் அடைப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்பன அவர் பொறுப்பு. கூலியாகக் களத்திலே நெல்லில் ஒரு பங்கு பெற்றார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவர் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. இன்றைக்கும் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் கமக்காரர் கூட்டம் கூடி, நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் முடிவு செய்கின்றது. அரச அதிகாரி தலைமை வகிப்பார். ஆயினும் குளத்தில் எத்தனை அடி நீருண்டு, அது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று வாதிடுபவர் கமக்காரரே. பழைய சபையின் உயிர்மூச்சு எங்காவது எஞ்சியிருக்குமானால், அக்கூட்டத்திலேதான் இருக்கின்றது.

கிராமச் சபைகளின் கதையோ வேறு. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராமச் சபைகளும் பட்டினச் சபைகளும் நீக்கப்பட்டன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. போரினால் வடக்கு கிழக்கிலே பல சபைகள் நெடுங்காலம் தேர்தலைக் காணவில்லை. போர் முடிந்த பின்னரோ, நாடு முழுவதுக்கும் 2023 மார்ச்சு 9ஆந் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணங் கூறிப் பிற்போடப்பட்டது. சபைகளின் காலம் முடிந்து அதிகாரிகளே நிருவாகம் பார்த்தனர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதிதான் வாக்களிக்க முடிந்தது. முந்நூற்று அறுபது நாள் முடிந்ததும் புதியவர் வந்தாக வேண்டுமென விதித்த ஊரை நினைக்குந்தோறும் இவ்விரண்டாண்டு வெறுமை நம் மனத்தை உறுத்துகின்றது. அதனிலும் உறுத்துவது, கொழும்பிலே நம்மிற் பலர் அவ்வெறுமையை உணராமலே இருந்துவிட்டது.

நாம் எடுக்க வேண்டியது

மறுபுறத்தில், உத்தரமேரூர் அடைத்த கதவுகளை நம் காலச் சட்டம் திறந்திருக்கின்றது. 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர் பட்டியலிற் காற்பங்கு இளைஞராயிருக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. முப்பத்தைந்து வயதுவரை காத்திரு என்று நம்மிடம் எவரும் இனிச் சொல்வதற்கில்லை. கதவு திறந்தபின் உள்ளே போகாதிருப்பது நம் குற்றமேயாகும்.

ஆகவே, பழைய ஊராட்சியிலிருந்து நாம் குடத்தை எடுக்க வேண்டியதில்லை. சீட்டை எடுக்க வேண்டியதில்லை. ஒதுக்கி வைத்த சேரியையோ கண்டிப்பாக எடுக்கலாகாது. எடுக்க வேண்டியது கணக்கோலையை. பொதுப்பணம் தொட்டவர் கணக்குக் காட்ட வேண்டும், காலம் முடிந்தவர் விலக வேண்டும், எடுத்த ஓலையை எல்லாரும் வாசிக்க வேண்டும் என்ற மூன்று ஒழுக்கங்களும் ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் பழையனவாகவில்லை.

இதைப் பெரிய சபைகளுக்கு உபதேசிக்குமுன் சிறிய சபைகளிற் பழகலாம். சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்களிலே தலைவரின் உரைக்கு மண்டபம் நிறைந்திருக்கும். தனாதிகாரி கணக்கு வாசிக்கத் தொடங்கியதும் நாற்காலிகள் ஒவ்வொன்றாய் வெறுமையாகும். இளைஞர் அவ்வேளையில் எழுந்து போகாமல் இருந்து கேட்பார்களாக. விளங்காததை விளங்கும்வரை வினவுவார்களாக. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவென்று பெரியோரும் எண்ணாதிருப்பார்களாக. கணக்குக் கேட்கப்படும் தனாதிகாரிக்கு அது காவலேயன்றி அவமானமன்று.

பெரியோரிடம் நமக்கு மற்றுமொரு வேண்டுதல் உண்டு. உங்கள் ஊரில் வட்டைவிதானையாக இருந்தவர் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டார்? குளக்கட்டு உடைந்தபோது வீட்டுக்கு எத்தனை பேர் போக வேண்டும்? போகாதவருக்கு என்ன தண்டம்? ஊர்க்கிணற்றிலே நீர் அள்ளியவர் யார், அள்ளவிடாது தடுக்கப்பட்டவர் யார்? இவை கல்லில் வெட்டப்படவில்லை. உங்கள் நினைவிலே மட்டும் இருக்கின்றன. மகிழ்ச்சியானவற்றோடு கசப்பானவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தம் வீட்டுப் பெரியவரிடம் போய் அமர்ந்து எழுதி வந்தால், அடுத்த ஆண்டு மலருக்கு இதனிலும் சிறந்த வரலாறு ஒன்று கிடைக்கும்.